பதினோராம் பீப்பாய்

ஹாப்சலுவில் கடல் உறைந்து மூன்று வாரம்.
பீப்பாயின் ஆணியைப் பிடுங்குகிறான் தாவெத்.
நூலாகப் பீய்ச்சுகிறது ஸ்டவுட்,
பதினாலு மாதக் கறுப்பு.

"வெனிலா," என்கிறான். "காப்பி. கொஞ்சம் புகையிலை."
எழுதிக்கொண்டே போகிறான்.

போன மாசிக் காய்ச்சலில்
மூக்கு செத்துப்போன ஊர்வே
விழுங்காமல் வைத்திருக்கிறாள்.
கசப்பு தெரிகிறது. சூடு தெரிகிறது.
நாக்கின்மேல் ஈரக் கம்பளியாய் ஒரு கனம்.
மற்றதெல்லாம் அவன் சொல்லித்தான்.

விழுங்கி, வெகுநேரம் கழித்து,
கோப்பை கழுவப் போன இடத்தில்
நின்றுவிட்டாள்.

"என்ன?"

"கரி," என்றாள்.
"யாரோ இந்த மரத்தை
உள்ளிருந்து எரித்திருக்கிறார்கள்."

அவன் பேனாவை மூடவில்லை,
எழுதவும் இல்லை.
சரியாகச் செருகாத ஆணியோரம்
சொட்டிக்கொண்டிருக்கிறது
தரையில்.