ஆறாம் கிழமை

எட்டுக் கிழமைப் பயிற்சி.
போட்டோக்கொப்பி எடுத்த புத்தகம்,
ஓரமெல்லாம் கறுத்து,
பதினோராம் பக்கத்தில் ஆரோ ஒருவரின்
கட்டைவிரலும் சேர்ந்து பதிந்து.
ஆஸ்பத்திரி மேல்மாடியில் மிஸ் ஜெனோபா தந்தார்.
"வீட்டிலயே செய்யலாம், பயப்பட ஒண்டுமில்லை."
பயப்பட ஒண்டுமில்லையெண்டால்
ஏன் மிஸ் எட்டுக் கிழமை
என்று நான் கேட்கவில்லை.

மின்சார சபையில் மீற்றர் பார்க்கிறவன் நான்.
உவர்மலையிலிருந்து பாலையூற்று வரை
சுவர்களில் ஓடிக்கொண்டிருக்கும் இலக்கங்களை
எழுதிக்கொண்டு போகிறவன்.
புத்தகமும் அதைத்தான் கேட்டது:
பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
உமது பயம் இன்று எத்தனை?

நாய் குரைத்தபோது மூன்று.
(நாய் வந்துவிட்டால்
வரவேண்டியது வந்துவிட்டது.)
மணியை அழுத்திய பிறகு
உள்ளே ஒரு செருப்புத் தேய்ந்து தேய்ந்து
வாசலுக்கு வந்து சேரும்வரை
ஒன்பது.

மூன்றாம் கிழமை.
பாதுகாப்பான இடமொன்றை மனக்கண்ணில் காண்க.
உதாரணம்: பனிமலை, நீரோடை.
பனியை நான் கண்டது
எங்கள் பிரிஜ்ஜின் மேல்தட்டில்தான்.
சரியென்று அங்கேயே போயிருந்தேன்
சாளைப் பைகளுக்கு நடுவில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு
பத்து நிமிடம்.
கரண்ட் போகும்வரை பரவாயில்லை.

பிறகு, கவலைப்பட ஒரு நேரம் குறிக்கச் சொன்னது.
மாலை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை
டச்பே மணலில், கச்சான் சுருளோடு காத்திருந்தேன்.
கவலை வரவில்லை.
கையெழுத்து வைத்துவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போன கிளாக்கரைப்போல
கதிரையில் சேட்டை மட்டும் போட்டுவிட்டு
எங்கோ போய்விட்டது.
இரவு இரண்டே காலுக்கு வந்தது.
ஓவர்டைமும் கேட்டது.

நிஸ்தார் கேட்டான்,
"கடலா மச்சான், சண்டையா?"
இந்த ஊரில் பயத்துக்கு இரண்டு படிவம்தான்.
இரண்டிலும் நிரப்ப என்னிடம் ஏதோ உண்டு.
ஆனால் அந்தச் செருப்புச் சத்தத்தை எழுத
எதிலும் கட்டமில்லை.
கதவு திறந்தால் நிற்பது எப்போதும்
ஈரக்கையோடு ஒரு பொம்பிளை.
"இந்த மாசமும் கூடத்தான் வரும் என்ன?"

ஐந்து பொருள் காண்க, நான்கைத் தொடுக.
கோட்டை வாசலில் பைக் சீற்றில் புத்தகத்தை வைத்துவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.
ஆலமரம்.
அதன் கீழ் கொட்டாவி விடும் ஆமிக்காரன்.
ஐஸ்கிறீம் வான்.
கோணேசருக்கு அர்ச்சனைத்தட்டோடு ஏறும்
புதுமாப்பிள்ளையின் நெரிசலான சப்பாத்து.
ஐந்தாவது, ஒரு புள்ளிமான்.
அது
ஆறாம் கிழமையைத் தின்றுகொண்டிருந்தது.

அவசரமில்லாமல்,
புத்தகம் சொன்ன மாதிரியே
ஒவ்வொரு வாயையும் உணர்ந்து.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
எனக்கு மிஞ்சியது அரை வரி:
"பிறகு, மெதுவாக, உங்கள்"

அன்று இலக்கம் எழுத மறந்துபோனேன்.

தர்மினி வாசித்துவிட்டு
அடுப்படியில் நின்று சிரித்தாள்.
"உங்கள் மனிசிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கள்.
அப்பிடித்தான் இருந்திருக்கும்."
போட்டேன். சீனி கூடிவிட்டது.
மிஸ்ஸிடம் வேறு கொப்பி கேட்கலாம்.
கேட்கவில்லை.

இது ஏழாம் கிழமை.
பாலையூற்றில் பூட்டிய கேற்.
மணியை அழுத்திவிட்டு மதிலுக்கு மேலால் எட்டினால்
மீற்றர் தெரிகிறது.
சில்லின் சிவப்புக் கோடு
போய், மறைந்து, திரும்ப வருகிறது.
செருப்பு தேய்கிறது.
பிறகு, மெதுவாக, உங்கள்
எட்டு.
ஏழரையாகவும் இருக்கலாம்,
அரைக்கு அதில் இடமில்லை.
பிறகு, மெதுவாக,

"பொறுங்கோ தம்பி,
நாயைக் கட்டிப்போட்டு வாறன்."

பொறுக்கிறேன்.