கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர்

இடது கை மரத்துப்போன இரவில்
கூகுளுக்கு ஒரு மனு எழுதினேன்:
'ஐயா, சாப்பிட்டு எழுந்ததிலிருந்து
விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது,
பயப்பட வேண்டுமா?'

வங்கியில் இருபது வருடம்
விண்ணப்பம் வாங்கியவன்,
வேறெப்படிக் கேட்பேன்.

பதினான்கு பக்கம் திறந்தேன்.
தலையணைதான் கோளாறு என்ற பக்கத்தில்
நெடுநேரம் தங்கினேன்.
அது பிடித்திருந்தது.

பிலோமினா என் விரல்களை அழுத்திப் பார்த்தாள்.
சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன்.
சயான் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்த்தவள்
நோயைத் தேடவேயில்லை.

தட்டியது நான்கே சொல்:
'கிங்ஸ் சர்க்கிள் தண்ணீர் இப்போது'

முழங்கால் அளவாம்.

நைட்டி மேல் ரெயின்கோட் மாட்டிக்கொண்டே
'ஆன்டாப் ஹில் வழியா போலாம், எழுந்திரு'
என்றாள்.

என் போனில்
தலையணை விலை
இறங்கிக்கொண்டிருந்தது.