பதினான்குக்கு ஒன்று

நகைக்கடன் கவுண்டரில் மோதிரத்தை நீட்டினேன்.
நாகநாத ஆசாரி எடை போடும் முன்பே சிரித்துவிட்டார்.
"என்னப்பா இது, விரலுக்கா, மாட்டுக் கழுத்துக்கா?"

தடைக்காலம். அறுபத்தொரு நாள்.
மண்டபம் வடக்குத் துறையில் எங்கள் விசைப்படகு
எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பிவிட்டுக்
குடல் எடுத்த மீனாய்க் கிடக்கிறது.
பிஸ்டன் ரிங் ஒரு செட் வாங்க வேண்டும்.
ரிங் வாங்க ரிங் கொண்டுவந்திருக்கிறேன்.

உரைகல்லில் ஓர் இழுப்பு.
அமிலம் ஒரு சொட்டு.
மஞ்சள் கோடு பச்சையாய்ப் பொங்கி
இருந்த இடம் தெரியாமல் போனது.
"முலாம். கல்லும் கண்ணாடி.
எவன் தலையில கட்டினான்?"

யாரும் கட்டவில்லை, ஆசாரி. ஜெயித்ததற்குக் கொடுத்தார்கள்.

கணக்குப் படிக்கப் போனேன் அமெரிக்காவுக்கு.
சோற்றுக்குத் துணி துவைத்தேன்,
கல்லூரிக் கால்பந்து அணிக்கு, மைதானத்துக்கு அடியில்,
ஆறு இயந்திரம் ஓடும் ஜன்னலில்லாத அறையில்.
பேர்தான் கால்பந்து; முக்கால்வாசி நேரம் கையில்தான் இருக்கும்.
அந்த சீசனை நான் பார்த்ததைவிட மோந்ததே அதிகம்.
ஆகஸ்ட் கடைசியில் வெறும் புல்லின் பச்சை.
அக்டோபரில் சேறு. பிறகு ரத்தம்,
அதற்குக் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் ஆகாது.
எழுபத்தொன்றாம் எண் சட்டையில் மட்டும்
எல்லா வாரமும் கடுகுச் சாறு.
பதினைந்து ஆட்டம். பதினான்கு வெற்றி.
தோற்ற அந்த ஒரே சனிக்கிழமை
துணியெல்லாம் வழக்கத்தைவிடச் சுத்தமாய் வந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

வரிசையில் பின்னால் நின்றவர் டோக்கனால் முதுகைத் தட்டினார்.
"இருங்க பாய்," என்றார் ஆசாரி. "கடைசி ஆட்டம் என்னாச்சு?"

ஜனவரி. மழை.
இரண்டு புள்ளி பின்னால், நான்கு நொடி பாக்கி.
பந்தைத் துடைத்துக் கொடுக்க ஆள் போதாமல்
என்னைக் கோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள்.
நழுவுவதைப் பிடிக்க எனக்கு யாரும்
வகுப்பு எடுக்க வேண்டியதில்லை:
விரலால் அழுத்தக் கூடாது, உள்ளங்கையைக் குழிக்க வேண்டும்,
உயிர்க் கணவாயைத் தூக்குகிற மாதிரி.
துடைத்தேன். கொடுத்தேன்.
கோல்பி என்கிற ஒல்லிப் பையன் உதைத்தான்.
கம்பத்தில் பட்டு
உள்பக்கமாய் விழுந்தது.
எழுபதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள்.
நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மே மாதம் விருந்து வைத்து எல்லோருக்கும் மோதிரம்,
துவைத்தவனுக்கும். உள்வளையத்தில் என் பெயர்,
ஓர் எழுத்து குறைவாக.

ஆசாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தோத்தவனுக்கு என்ன குடுப்பான்?"

ஆறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
எனக்கும் தோன்றியதில்லை.
அவர்களுக்கும் ஒரு நிலவறை இருந்திருக்கும்,
ஆறோ எட்டோ இயந்திரங்கள்.
அதே சேற்றை, அதே மழையை
அன்று இரவே ஒருவன் உள்ளே திணித்துக்
கதவை அறைந்து சாத்தியிருப்பான்.
அவனுக்கும் குளிர்ந்த தண்ணீர்தான்.
தெரியலை, ஆசாரி, என்றேன்.

அதுவரை பேசாமல் நின்ற ஜெசிந்தா
தோட்டின் திருகைக் கழற்றினாள்,
இடது காது, பிறகு வலது.
ஒன்றரைப் பவுன்.
கல்லில் இழுத்த கோடு அமிலத்துக்கு அசையவில்லை.

பஸ்ஸில் மோதிரத்தைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.
அதற்கும் தொளதொளவென்றுதான் இருந்தது.
"உதைச்சானே, அவன் இப்ப என்ன பண்றான்?"
கார் இன்சூரன்ஸ் விற்கிறான்.
ம், என்றாள். ஓட்டைக் காதை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள்.

உச்சிப்புளியில் வெள்ளரிப் பிஞ்சுக்காரி
ஜன்னலுக்குள் தட்டை நீட்டியவள் அப்படியே நின்றாள்.
"ஆத்தி! எத்தனை பவுனு தாயி?"

"பதினாலு ஜெயிச்சு
ஒண்ணு தோத்தது," என்றாள் ஜெசிந்தா.
"பத்து ரூபாய்க்குக் குடு. உப்பு வேண்டாம்."