சிவப்பு அம்பு

பதினோரு வருசம் செக்கிங் டேபிளில் நின்றேன்.
பனியனை விரித்து
ஓட்டை, ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று.
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு உருப்படி.
என் கையெழுத்தைவிட
அம்பு எனக்கு நன்றாக வரும்.

பிறகு ஓர் ஆடி மாதம்
யாரோ என்னை விரித்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.
காதுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
இங்கே கறை. இங்கே ஓட்டை.
இவளை ரிஜெக்ட்டில் போடு.
சூப்பர்வைசர் என்றுதான் முதலில் நினைத்தேன்.
அவர் அன்றைக்கு லீவு.

இப்போது பல்லடம் ரோட்டில்
டயர்க் கடைக்கு மேல்மாடி.
காலையில் மாத்திரை, பதினொன்றுக்கு மோர்,
வியாழனானால் கைவேலை.
மூட்டை மூட்டையாய் வேஸ்ட் துணி வருகிறது.
நூலை உருவிப் பார்த்தே
எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன்,
யாரும் கேட்பதில்லை.

சென்னியப்பண்ணன் கால்மிதி பின்னுகிறார்,
சித்திரையில் தொடங்கிய அதே கால்மிதி.
சாயங்காலம் பாதியைப் பிரித்துவிட்டுத்தான் எழுவார்.
சௌடேஸ்வரி பொம்மைக்குக் கண் மட்டும் தைப்பாள்,
ஒரு பொம்மைக்கு ஒன்பது கண்.
எல்லாத்துலயும் பிசிறு இருக்குதுங்க என்றேன்.
"இருக்கட்டுமுங்க" என்றார் அண்ணன்,
"தரையிலதான கெடக்கப் போகுது."

ஒருநாள் மூட்டையின் அடியில்
என் அம்புகள். ரோல் ரோலாக.
கை நடுங்கியது.
மாத்திரையால் எப்போதும் நடுங்கும் கைதான்,
இது வேறு நடுக்கம்.
ஷமீலா மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
நீலச் சார்ட் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு
பசை டப்பா மூடியோடு மல்லுக்கட்டப் போய்விட்டார்.

ஒன்று ஒட்டினேன்.
எதைக் காட்டுகிறது?
முனைக்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை, வெறும் நீலம்.
இன்னொன்று.
நூறு, நூற்றைம்பது,
டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.
"நொய்யல் மீனுங்களா அக்கா?" என்றாள் சௌடேஸ்வரி.
"நொய்யல்ல ஏது புள்ள மீனு" என்றார் அண்ணன்.
அம்புதான் என்றேன்.

குரல் வந்தது. வராமல் இருக்குமா.
மூன்றாவது வரிசையில் ஒன்று கோணல் என்றது.
குனிந்து பார்த்தேன்.
கோணல்தான்.
நகத்தால் உரித்து
நேராக ஒட்டினேன்.

அடுத்து என்ன சொல்லும் என்று
காத்திருந்தேன்.
கீழே யாரோ
லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.