நூறு பங்குக்கு இரண்டு

ஒட்ரோகொவிட்சே. மூன்றாம் ஷிப்ட்.
தராசு அறையில் நான் மட்டும்.
எங்கள் கணக்கு நூறிலிருந்துதான் தொடங்கும்:
ரப்பர் நூறு பங்கு,
துத்தநாக ஆக்சைடு மூன்று,
ஸ்டியரிக் அமிலம் இரண்டு,
பழுப்பு மணி இரண்டு.
கந்தகம் கடைசியில், வேறு அறையில், வேறு ஆளிடம்.
நூறு நிரம்பிய பிறகுதான்
நாங்கள் எண்ணப்படுகிறோம்.

பழுப்பு மணிக்கு நீண்ட பெயர் உண்டு;
மூட்டையில் ஒட்டியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை.
பயறு அளவு. தொட்டால் ஊதாக் கறை.
டயருக்குள் போய்க் காத்துக் கிடக்கும்.
ஓசோன் கடிக்க வாய் திறக்கும்போது
ரப்பருக்கு முன்னால் போய்
தன்னைக் கொடுத்துவிடும்.
தியாகம் என்றார்கள் பயிற்சி வகுப்பில்.
எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
அதனிடம் யாரும் கேட்கவில்லையே.

தம்பி மிரெக்கின் மனைவி இட்கா எண்ணெய் ஆலையில்.
குளிரில் மெழுகு கட்டாமல் இருக்க
ஆயிரத்துக்கு மூன்று பங்கு ஏதோ ஊற்றுகிறாள்.
மைனஸ் இருபதில் பேருந்து கிளம்பிவிட்டால்
ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பார்.

பிப்ரவரியில் ஒரு விடியல்,
மேசையில் ஒரு பை மிஞ்சியிருந்தது.
இரண்டு கிலோ மணி. கட்டியபடி.
அடுத்த கலவையில் எறிந்தால் பையும் உருகிவிடும்,
அப்படிப்பட்ட பை, தடயமே இருக்காது.
இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு லுபோரிடம் சொன்னேன்.
அவன் முதலில் கடவுளைத் திட்டினான்,
பிறகு தன் முழங்காலை,
பிறகுதான் என்னை.
மணி விழாத கலவைக்குச் சிவப்புச் சீட்டு.
மாட்டுக் கொட்டகைத் தரைக்குப் போயிற்று.
மாடுகளுக்கு ஓசோன் பற்றிக் கவலையில்லை.

போகும் முன் ஒரு கீற்று அறுத்துக்கொண்டேன்.

பால்கனியில் இரண்டு கீற்றுகள்:
மணி உள்ளது, மணி இல்லாதது.
வளைத்து, இழுத்து, கம்பியால் கட்டினேன்.
இழுக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் ஒன்றும் ஆகாது.
தளர்ந்து கிடக்கும் ரப்பரை ஓசோன் பிளப்பதில்லை;
விறைத்து நிற்பதைத்தான் பிளக்கும்,
இழுப்புக்குக் குறுக்காக.
இதைத் தெரிந்துகொண்ட அன்று
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வந்திருந்தேன்.
இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.
நானும் போடவில்லை, சாயங்காலம் வரை.

ஜூலையில் மணி இல்லாததில் மயிரிழைக் கோடுகள்.
ஆகஸ்டில் நகம் நுழைந்தது.
மற்றது முழுசாக இருந்தது, ஆனால் அசிங்கமாக,
துரு மாதிரி ஒரு பழுப்பு மேலே பூத்து.
வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள்:
புது டயர் ஏன் பழசாகத் தெரிகிறது?
துடைத்தால் போய்விடும் என்று பதில் போகும்.
துடைக்காதீர்கள், காவலே அதுதான் என்று
எழுத யாருக்கும் நேரமில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
சரி. போட்ட உப்பு எங்கே போகும்?

மொராவா கரையில் தூண்டிலோடு உட்கார்ந்து
மிரெக் கேட்டான்.
அமெரிக்காவின் மேற்குக் கரையில்
மழை பெய்தால் போதுமாம்,
முட்டையிட ஓடைக்கு வந்த சால்மன்
வாய் பிளந்து, சுற்றிச் சுற்றிச் சாகுமாம்.
சாலையில் தேய்ந்த டயர்த் தூள்.
ஓசோனுக்குத் தன்னைக் கொடுத்த மணி
கொடுத்த பிறகு வேறொன்றாகித்
தண்ணீரில் இறங்கியிருக்கிறது.
“உன் மணியா?”
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
நகக்கண்ணில் ஊதா இருந்தது.
அன்று ஒன்றும் சிக்கவில்லை.
சிக்கியிருந்தால் தின்றிருப்போமா, தெரியாது.

இந்த வாரம் புது மூட்டை வந்திருக்கிறது.
பெயர் இல்லை; ஓர் எழுத்து, நான்கு எண்.
வெள்ளை. ஈரச் சாக்கு வாசனை.
நூறுக்கு எவ்வளவு என்றேன்.
இரண்டரை போட்டுப் பாருங்கள் என்றது ஆய்வகம்.
மீன்? என்றேன்.
அது வேறு துறை.

பால்கனியில் மூன்றாவது கீற்றைக் கட்டியாயிற்று.
கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன்,
மழை அதில் வடிந்து விழ.
மிரெக்கிடம் இரண்டு சின்ன மீன் கேட்டிருக்கிறேன்.
உயிரோடு.