அதே மருந்துதான்

பேருதான் வேற சிஸ்டர்,
உள்ள அதே சரக்குதான் என்றார்
மருந்துக்கடை நௌஷாத்.
அட்டையைத் திருப்பி
பொடி எழுத்தின் மேல் நகத்தை வைத்துக் காட்டினார்.
அதே ஐம்பது மில்லிகிராம்.
பழையதுக்கு நானூற்றுப் பன்னிரண்டு,
இதுக்கு அறுபத்தெட்டு.
மிச்சம் முந்நூற்று நாற்பத்து நாலு ரூபாயை
அயனாவரம் சிக்னல் விழுவதற்குள்
மூன்று விதமாய்ச் செலவழித்துவிட்டேன்.

பழையது வெள்ளை, நீளவாக்கு, நடுவில் ஒரு கோடு.
இது மஞ்சள், உருண்டை.
நாக்கில் ஒட்டிக்கொண்டு
கசப்பைக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறது.

ஐந்தாம் நாள்
பன்னீர் சோடா செத்துப்போயிருந்தது.
கேஸ் போனதை விற்கிறீரே என்று
கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன்.
அதே பாட்டிலில் ஒரு மடக்கு அண்ணாந்து குடித்தார்,
கண்ணில் நீர் முட்ட ஏப்பம் விட்டார்.
அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சொற்கள்.
மாவு சலிக்க வேண்டும்.
அந்த… ஓட்டை ஓட்டையா… ஆட்டுவோமே என்று
வெறுங்கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நின்றேன்.
விளையாட்டென்று நினைத்து
கொசுவலை! என்று கத்தினான் ப்ரணவ்.
சல்லடை மறுநாள் இரவு பதினொன்றரைக்குத்
தானாக வந்து தலைமாட்டில் நின்றது.

அதெல்லாம் போகட்டும்.
எனக்கு வேலை ரத்தம் எடுப்பது.
காலை ஆறரைக்கு லேபில்
வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களிடம்
கண்ணால் நரம்பு தேடுகிறவர்கள் உண்டு.
நான் விரலால் தேடுகிறவள்.
இடது ஆள்காட்டி விரல், பதினொரு வருஷம்.
கொழுப்புக்குள் பதுங்கியது,
கீமோவில் சுருண்டது,
எல்லாம் அந்த நுனிக்குப் பதில் சொல்லும்.

இப்போது அந்த நுனியில் எறும்பு.
விளக்கணைத்தாலும் ஊர்கிறது,
வெந்நீரில் வைத்தாலும் ஊர்கிறது.
நேற்று ஒருவர், ஐசிஎஃப்பில் ஃபிட்டராய் இருந்தவர்,
இரண்டாவது குத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவதற்கு,
பரவால்லமா, இன்னொரு கை இருக்குது என்றார்.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
அழுகைகூட வரவில்லை.

இது மாத்திரையா, என் பயமா?
விலை இறங்கினால் வீரியமும் இறங்கும் என்று
எனக்குள் உட்கார்ந்து சொல்வது யார்?
தெரியவில்லை.
வலிப்பு வரவில்லை, அதுவும் உண்மை.
முப்பத்தெட்டு நாளாய் வரவில்லை.

எப்ப மாத்துனீங்க, ஏன் சொல்லலை என்று கேட்டார்
கீழ்ப்பாக்கத்து டாக்டர்.
அவர் மேஜையில் ஒரு பேனா ஸ்டாண்டு,
மேலே பழைய மாத்திரையின் பெயர்.
நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
இதுவும் நல்ல மருந்துதாம்மா.
நீங்களா நிறுத்திடாதீங்க.
மாசம் ஒரு கம்பெனின்னு மாத்தாதீங்க.
ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு
டோஸ் பத்திப் பேசுவோம்.

அதனால் இன்று நாற்காலியின் இந்தப் பக்கம் நான்.
ரப்பர் பட்டையைக் கட்டுகிறாள் ஜெனிட்டா,
பயிற்சிக்கு வந்து மூன்று வாரம்.
எந்த மருந்துக்கான சோதனை என்று சீட்டில் படித்துவிட்டாள்.
லேபில் இதுவரை யாருக்கும் தெரியாதது.
அவள் கேட்கவில்லை,
ஸ்டிக்கரைக் கவிழ்த்து ஒட்டினாள்.

அவள் விரலில் நடுக்கம், என் விரலில் எறும்பு.
இரண்டு பேரும் சேர்ந்து
என் கையில் ஒரு நரம்பைத் தேடுகிறோம்.
இங்கயாக்கா?
கொஞ்சம் கீழ.
இங்க?
தெரியலை ஜெனிட்டா, என்றேன். நீயே பார்.

கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்,
நான் தேடுகிற மாதிரியே.
எப்போது கவனித்தாளோ.
ஒரே குத்து.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
சோடாக் கடைக்குப் போனேன்.
அவர் என்னைப் பார்த்ததும்
புதிதாய் ஒன்றை உடைத்துக் கொடுத்தார்,
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.
பன்னீர் மணத்தது. இனித்தது.
நாக்கில் குத்தவில்லை.
நல்லாருக்குண்ணா என்றேன்.
முழுசும் குடித்தேன்.