போதும் என்பதற்கு ஒரு சைகை

சிம்மக்கல்லில், மருந்துக்கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
குவைத்துக்குப் போகிற ஆறு பேருக்கு
விதிகளை நான்தான் வாசித்தேன்.

பாட்டில் கொண்டுபோகக் கூடாது. அங்கே போய்த் தேடவும் கூடாது.
ரூமில் எவனாவது காய்ச்சித் தருவான், தண்ணீர்க் கேனில்.
தொடாதீர்கள். கண் போகும், இல்லை ஆளே போவான்.
இருமல் மருந்துக்கும் டாக்டர் சீட்டு வேண்டும்.
நோன்பு மாதம், பகலில், வீதியில் பச்சைத் தண்ணீர்கூட ஆகாது.
கறிமசாலாவில் கசகசா இருந்தால்
இங்கேயே கொட்டிவிட்டுப் போங்கள்.

"ரெண்டு வருசமுமா?" என்றார் மொக்கைச்சாமி.
செக்கானூரணிக்காரர். டைல்ஸ் வேலை.
விரல் நடுங்கியதில் அவர் கையெழுத்து
கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.
ரெண்டு வருசமும்தான்.

கடைசி விதி எனக்குப் பிடித்தது.
முதலாளி வீட்டில் காவா ஊற்றுவார்கள், சின்னக் கோப்பையில்.
சும்மா நீட்டினால் திரும்ப நிறைத்துவிடுவார்கள்.
போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும்.
டீ கிளாஸை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.
சிரித்தார்கள்.

மணி பன்னிரண்டானதும் நாலு பேர் படியிறங்கினார்கள்,
மொக்கைச்சாமி முதலில். கடை திறக்கிற நேரம்.
அவருடைய பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஒச்சம்மா பெஞ்சிலேயே இருந்தாள்.

"விசாவ நீட்டிக்க முடியுமா தாயி?"
இன்னும் கிளம்பவே இல்லையேம்மா என்றேன்.
"சும்மா கேட்டேன்."

படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் அந்தக் காலி கிளாஸை எடுத்து
ஒரு தரம் ஆட்டினாள்,
நான் காட்டியது இப்படித்தானா
என்று பார்ப்பதுபோல.